கருவியோடு சாவியையும் கொடுப்போம்

"தம்பி, ரீவி நீலமா நிக்குது. ஒண்டும் வருகுதில்லை."

சென்ற மாரிகாலத்தில் ஒரு வாரத்துள் மூன்று தடவைகள் இந்தத் தொலைபேசி அழைப்பு எமக்கு வந்தது. அழைத்தவர் எம்மில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமி, எமது பிள்ளைகளுக்கு அம்மம்மா. ஆகவே இங்கும் அவரை அம்மம்மா என்றே எழுதுகிறோம். எண்பது வயதைத் தாண்டிவிட்ட அவர், மொன்றியல்-நோரில், ஹென்றி-பூறாசா பெருவீதிக்கு அண்மையில் ஒரு மூன்றரை வீட்டில் தனியாக வாழ்கிறார். எம்மவர் பெருமளவில் வாழும் கோட்-டே-நேஜ், பார்க் எக்ஸ்ரென்சன் பகுதிகளைப் போலன்றி இங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைவு. எயிற்றி நாட்டவரும் வட ஆபிரிக்க நாட்டவருமே அயலவர். வாடகை கைக்கு அடக்கமாக இருந்ததாலும், எமது வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரமாக இருந்ததாலும் அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தோம்.

தமிழ் ஓசை கேளாத கட்டடத்தில் மாரிகாலம் முழுவதும் ஒரு முதியவர் எதைக் கேட்டுக்கொண்டிருப்பது? இதை எண்ணியே, தொலைக்காட்சியின் பின்புறத்தில் செருகும் சிறு கருவியொன்றை வாங்கிச் சென்று பொருத்தினோம். இணையத்தில் வருவதைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவரும் இக்கருவிகளில் றோக்கு 2008இலும், குறோம்காஸ்ற் 2013இலும், அமேசன் நிறுவனத்தின் ஃபயர் ஸ்ரிக் 2014இலும் சந்தைக்கு வந்தன. இன்று ஊர்த் திருவிழாவும் சென்னைத் தொடர் நாடகமும் யூரியூப்பும் அவற்றின் வழியாகவே பலரது வீடுகளுக்கு வருகின்றன. பொருத்தி முடிக்க எமக்கு இருபது நிமிடங்களே தேவைப்பட்டன. எமது மின்னஞ்சல், எமது தொலைபேசி இலக்கம், எமது கடவுச்சொல். படம் தெரிந்தது. அம்மம்மா தேநீர் தந்தார். ஒரு நல்ல காரியம் செய்து முடித்த நிறைவோடு வீடு திரும்பினோம்.

மறுநாட் காலையிலேயே திரை நீலமாகிவிட்டது. மேசையில் இரண்டு றிமோட்டுகள் இருந்தன. ஒன்று தொலைக்காட்சியினுடையது, மற்றையது புதிய கருவியினுடையது. ஒலியைக் கூட்டுவதற்காகப் பழைய றிமோட்டை எடுத்தவரின் விரல், எந்தச் செருகியிலிருந்து படம் வரவேண்டும் என்பதைத் தெரிவுசெய்யும் பொத்தானில் பட்டுவிட்டது. நாம் போய் ஒரு பொத்தானை அழுத்தினோம், படம் வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை மேலங்கியைக் கூடக் கழற்றாமல், வாசலில் பனிச் சப்பாத்தோடு நின்றபடியே அழுத்திவிட்டு வந்தோம். நான்காவது அழைப்பு வரவில்லை. அம்மம்மா பழகிவிட்டார் என்று எண்ணி மகிழ்ந்தோம்.

பதினொரு நாட்களின் பின்னர் மரக்கறி கொடுக்கப் போனபோது தொலைக்காட்சி துணியால் மூடப்பட்டிருந்தது. இரண்டு றிமோட்டுகளும் பொலித்தீன் பையிற் சுற்றப்பட்டு, லாச்சிக்குள் மாத்திரைகளின் பக்கத்தில் இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டோம். ஒன்றுமில்லை என்றார். மறுபடியும் கேட்டபோதுதான் சொன்னார்.

வடமராட்சியில் அவருடன் ஒரே வகுப்பிற் படித்து, பக்கத்து வளவில் வாழ்ந்த சிநேகிதி காலமாகிவிட்டார். 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை நடந்தபோது இருவரும் ஒரே பதுங்குகுழியில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்கள். இறுதிக் கிரியைகளை நேரலையாகக் காட்டுகிறோம் என்று சிநேகிதியின் மகன் தொலைபேசிக்கு அறிவித்திருந்தார். இலங்கையில் காலை பத்து மணி என்றால் மாரிகாலத்தில் எமக்கு முந்திய இரவு பதினொன்றரை மணி. அம்மம்மா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, விளக்கேற்றிவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார். திரை நீலமாகவே நின்றிருக்கிறது. தொலைபேசியின் சிறு திரையில் அவருக்கு முகங்கள் தெரிவதில்லை.

"எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றோம்.

"நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போய்க் களைச்சு வாறனீங்கள். சாமத்தில எழுப்பி, ஒரு பட்டனை அமத்த வாங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? விட்டிட்டன்."

அவர் குற்றம் சாட்டவில்லை. அதுவே எமக்குப் பாரமாக இருந்தது. வாசலில் சப்பாத்தோடு நின்று பொத்தானை அழுத்திய அந்த மூன்றாம் நாள், நாம் அவருக்கு உதவி செய்யவில்லை. "இது உங்களால் ஆகாது" என்பதையே சொல்லாமற் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

இந்த அனுபவம் எமக்குப் புதியதன்று. நாம் கனடாவுக்கு வந்தது 1990இல். அதற்கு முந்திய ஆண்டுதான் குடிவரவு அகதிகள் சபை தொடங்கப்பட்டிருந்தது. எமக்கு வந்த கடிதங்கள் பிரெஞ்சு மொழியில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு, மொழி தெரிந்த எம்மவர் ஒருவரின் வீட்டுக்கு இரண்டு பேருந்து மாறிப் போவோம். அவர் வேலை முடிந்து வரும்வரை படிக்கட்டில் காத்திருப்போம். கடிதத்தை அவர் முதலில் தாம் வாசிப்பார். எமது வாழ்வைத் தீர்மானிக்கும் வரிகள் அவர் முகத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பின்னர் படிவத்தை நிரப்பி, ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டுவார். அவர் நல்லவர், பணமும் வாங்கவில்லை. ஆயினும் ஒப்பமிட்டது எதில் என்பது எமக்குத் தெரியாது. அந்த ஆண்டுகளில் எமக்கு மிகவும் தேவைப்பட்டது என்ன என்று இன்று கேட்டால், எமக்காகப் படிவம் நிரப்பும் ஒருவரன்று, படிவத்தை வாசிக்கக் கற்றுத்தரும் ஒருவர் என்றே சொல்வோம். பின்னர் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்து, முதற் கடிதத்தை நாமாகவே பிரித்து வாசித்த நாள் இன்றும் நினைவில் இருக்கிறது.

படிக்கட்டில் காத்திருந்த நாமே இன்று எமது பெற்றோரைக் காத்திருக்க வைக்கிறோம்.

முதியவர்களுக்கு இயந்திரம் விளங்காது என்று நாம் சொல்வதில் உண்மை இருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எம்மவர் பலர் பார்க்க விரும்பியது கடலுக்கு அப்பாலிருந்து வந்த தூரதர்ஷனையே. அதற்காக வீட்டுக் கூரைக்கும் மேலாகக் குழாய் நட்டு அன்ரனா கட்டினார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும் தொடங்கும் நேரத்தில் படம் புள்ளி புள்ளியாகப் போனால், ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்ப, மற்றவர் யன்னலால் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சரி, நில்" என்று கத்துவார். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனபோது சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் இவர்கள். பெற்றோல் இல்லாத காலத்தில் சில துளி பெற்றோலிற் கிளப்பி, மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டியவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஐந்து பொத்தான்கள் உள்ள றிமோட் விளங்காது என்றால், குறை கற்றுக் கொடுப்பவரிடமே இருக்க வேண்டும்.

அன்ரனாவுக்கும் இக்கருவிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்ரனாவைத் திருப்பினால் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இக்கருவியில் எல்லாம் திரைக்குப் பின்னால் நடக்கிறது. அத்துடன் அது பேசுவது ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. ஆகவே கண்ணுக்குத் தெரியாததற்கு ஒரு பெயர் வேண்டும், அப்பெயர் தமிழில் வேண்டும். இதை எமக்குக் கற்றுத் தந்தவரும் அம்மம்மாவே.

"நீங்கள் வந்து வந்து போட்டுத் தரவேண்டாம். எப்பிடிப் போடுறதெண்டு காட்டித் தாங்கோ. நான் பிழை விட்டால் விடுங்கோ," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நாம் கதிரையில் அமர்ந்தோம். கருவியைக் கழற்றி மேசையில் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அவரே செய்தார். எச்.டி.எம்.ஐ. என்னும் செருகு துவாரங்கள் இரண்டு இருந்தன. "இது ரெண்டு ஒழுங்கை. படம் எந்த ஒழுங்கையால வருகுதெண்டு ரீவிக்குச் சொல்லவேணும், அப்பிடித்தானே?" என்று கேட்டார். அப்படித்தான். நீலத் திரையின் மர்மம் அத்துடன் முடிந்தது. வீட்டின் படம் போட்ட பொத்தான் வீடு. நடுவில் உள்ளது ஓம். பின்னோக்கி வளைந்த அம்புக்குறிக்குப் படலை என்று பெயர் வைத்தார். போன வழியாலேயே வெளியே வருவது அதனால்தானாம். "வழி தவறினால் படலை. படலையும் தெரியாட்டில் வீடு" என்று ஒரு கொப்பியில் எழுதி, பொத்தான்களின் படத்தையும் பக்கத்தில் கீறிக்கொண்டார்.

அன்று பிற்பகல் முழுவதும் அதற்கே போயிற்று. பதினைந்து தடவைகளாவது வழி தவறினார். எமது கைகள் துடித்தன. எம் மகள் ஒருமுறை பொறுக்கமாட்டாமல் றிமோட்டைப் பறிக்கப் போனாள், அம்மம்மா கொடுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு, நாம் வேண்டுமென்றே ஒழுங்கையை மாற்றிவிட்டுச் சமையலறைக்குப் போனோம். இரண்டு நிமிடங்களில் நாதஸ்வர ஓசை கேட்டது.

இதே வேலையைச் செய்யப்போகும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், நாம் பட்டறிந்த சிலவற்றை இங்கே சொல்கிறோம்.

கருவிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. துவாரத்திலிருந்து எடுக்காமல், சுவரில் உள்ள செருகியிலிருந்தே எடுங்கள். தொலைக்காட்சியிலிருந்து வரும் மின் போதாவிட்டால் கருவி இடையிடையே நின்றுபோகும். முதியவர் அதைத் தமது பிழை என்று எண்ணிப் பயப்படுவார். பல தொலைக்காட்சிகளில் சி.ஈ.சி. என்ற ஒரு வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் கருவியின் றிமோட்டில் வீட்டுப் பொத்தானை அழுத்தியதும் தொலைக்காட்சி தானாகவே விழித்து, உரிய ஒழுங்கைக்கு மாறிவிடும். நீலத் திரைத் தொல்லையின் பெரும்பகுதி இதனால் நீங்கும்.

இணைய வேகத்தைப் பற்றி விற்பனையாளர் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டியதில்லை. ஒரு திரையில் முழுத் தெளிவான படம் பார்ப்பதற்கு நொடிக்கு 5 மெகாபிற் போதும் என நெற்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. மிக உயர்ந்த 4கே தரத்துக்கே 15 வேண்டும். தனியாக வாழும் ஒருவருக்கு மாதக் கட்டணம் கூடிய இணைப்பு பெரும்பாலும் தேவையற்றது. ஆனால் அளவு வரையறுத்த இணைப்பாயின் கவனம் வேண்டும். தெளிவான படம் ஒரு மணி நேரத்துக்கு 3 கிகாபைற் வரை விழுங்கக்கூடியது.

கணக்கை முதியவரின் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் திறவுங்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதிச் சாமித்தட்டின் கீழ் வைக்கலாம். பிள்ளையின் தொலைபேசியில் மட்டும் இருக்கும் கடவுச்சொல், பூட்டியவர் சாவியைக் கொண்டு போனதற்குச் சமன். கருவியில் பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் இரகசிய எண் கேட்கும்படி அமைக்க முடியும். றோக்கு, ஃபயர் இரண்டிலும் இவ்வசதி உண்டு. யூரியூப்பில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். பக்திப் பாடலில் கண்ணயர்ந்த அம்மம்மா, நள்ளிரவில் யாரோ ஒருவரின் அரசியல் வசைக்கு விழித்தெழ வேண்டியதில்லை. எழுத்துக்களைத் தேடி அழுத்துவது கடினமாயின் றிமோட்டின் ஒலிவாங்கியில் பேசித் தேடலாம். கூகிள் நிறுவனம் தமிழில் பேசித் தேடும் வசதியை 2017இல் கொண்டுவந்தது. எல்லாக் கருவிகளிலும் அது தமிழுக்கு வேலை செய்யாது. வாங்குமுன் கேட்டறிவது நல்லது.

இனி, மோசடி பற்றி. கருவியை முதன்முதலாக இயக்கும்போது திரையில் ஒரு குறியீடு தோன்றும், அதைத் தொலைபேசியிலோ கணினியிலோ பதியச் சொல்லும். அவசரத்தில் கூகிளிற் தேடினால், அக்கருவி நிறுவனத்தின் பெயரையே வைத்துக்கொண்ட போலித் தளங்களும் தொலைபேசி இலக்கங்களும் வரும். கருவியை இயக்கித் தர நூறு, இருநூறு டொலர் கேட்பார்கள். கணக்குத் திறப்பதற்கோ கருவியை இயக்குவதற்கோ கட்டணம் அறவிடுவதில்லை என்று றோக்கு நிறுவனம் தெளிவாக அறிவித்துள்ளது. தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. கனடிய மோசடித் தடுப்பு மையத்தின் இலக்கம் 1-888-495-8501. மகளோ மகனோ கூட இருந்து அழைக்கலாம்.

எம்மவரிடையே பரவியிருக்கும் இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எமக்குத் தெரிந்த ஒரு பெரியவர், "ஒருமுறை காசு, வாழ்நாள் முழுக்க எல்லாச் சனலும்" என்று சொன்ன ஒருவரிடம் பெட்டியொன்று வாங்கினார். ஓய்வூதியத்தில் சேர்த்த பணம், கையிற் கொடுத்தார், பற்றுச்சீட்டு இல்லை. சில மாதங்களில் திரை கறுத்துவிட்டது. விற்றவரின் தொலைபேசியும் மௌனமாகிவிட்டது. இது அவர் ஒருவரது துரதிர்ஷ்டமன்று. அனுமதி பெறாத அலைவரிசைகளை ஏற்றி விற்கப்படும் பெட்டிகளை விற்கக் கூடாதென 2016இல் கனடிய சமஷ்டி நீதிமன்றம் விற்பனையாளர் சிலருக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2019இல் அத்தகைய சேவை ஒன்றுக்கான இணைய வழியையே அடைக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்த வழி எந்த நாளும் அடைபடலாம். நீதிமன்றத்துக்குப் போனால், வாங்கியவர் பணத்தை மீட்க எந்தத் தாளைக் காட்டுவார்? முறையான தமிழ்ச் சேவைகள் இன்று உண்டு. கோயில்களினதும் செய்தி நிறுவனங்களினதும் நேரலைகள் பலவற்றை யூரியூப்பில் இலவசமாகவே பார்க்கலாம். மலிவானது எது என்பதை விட, நாளை காலையும் இருக்கக்கூடியது எது என்று பார்ப்பதே முதியவருக்குச் செய்யும் நன்மை.

"ரீவி தானே, அதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா?" என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். 2020ஆம் ஆண்டின் இளவேனிலை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கொவிட் தொற்று மொன்றியலில் மிகக் கடுமையாகத் தாக்கிய பகுதிகளுள் மொன்றியல்-நோரும் ஒன்று. கோயிற் கதவுகள் மூடியிருந்தன. பிள்ளைகள் சமைத்ததை வாசலில் வைத்துவிட்டு, யன்னலுக்குக் கீழே நின்று கையசைத்துப் போனார்கள். அந்நாட்களில் முதியவருக்கு வெளியுலகம் திரை வழியாகவே வந்தது. ஊரையும் உறவையும் நாடுகள் பலவற்றில் சிதறவிட்ட எமக்கு இன்றும் நிலை அதுவே. பேத்தியின் கலியாணம் இலண்டனில், அண்ணனின் அந்தியேட்டி வடமராட்சியில், திருவிழா நல்லூரில். திரையைத் திறக்கத் தெரியாத முதியவருக்கு இவை அனைத்தும் மூடிய கதவுகளே.

சென்ற ஆவணியில் நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று நாம் அம்மம்மா வீட்டுக்குப் போனோம். கோடை நேரத்தில் ஒன்பதரை மணி வித்தியாசம். அங்கே காலை ஏழு மணிக்குத் தேர் புறப்படும்போது எமக்கு முந்திய இரவு ஒன்பதரை. நாம் போகுமுன்னரே திரையில் தேர்முட்டி தெரிந்தது. அம்மம்மாவின் பக்கத்தில், எதிர்வீட்டு எயிற்றிப் பெண்மணி அமர்ந்திருந்தார். அவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும், அம்மம்மாவிடம் உள்ளதோ தமிழும் "போன்ஜூர்", "மெர்சி" என்ற இரு சொற்களும். அவர் கையிலும் ஒரு றிமோட் இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாராம். அதே வகைக் கருவி, அதே நீலத் திரை.

தேர் வீதியைச் சுற்றி இருப்புக்கு வந்த பின், இருவரும் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார்கள். நாமும் உதவிக்கு எழுந்தோம். அம்மம்மா எம்மை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். திறந்திருந்த கதவால் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மம்மா றிமோட்டை வாங்கவில்லை. அவர் கையிலேயே இருக்கவிட்டு, விரலால் மட்டும் காட்டினார். "ஒழுங்கை" என்றார். பின்னர் "படலை" என்றார். எயிற்றிப் பெண்மணி பிழையாக அழுத்தினார். அம்மம்மா பேசாமல் நின்றார். மறுபடியும் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் கிரியோல் மொழியில் ஒரு பாட்டுக் கேட்டது.

வீடு திரும்பும் வழியில் எம் மகள் எமது தொலைபேசியில் எதையோ திருத்துவதற்காக, "தாங்கோ அப்பா, நான் செய்யிறன்" என்று கையை நீட்டினாள். எமக்கும் அறுபது நெருங்குகிறது. "வேண்டாம் பிள்ளை, எப்படிச் செய்வதென்று காட்டு" என்றோம்.

இவ்வார இறுதியில் அம்மாவையோ அப்பப்பாவையோ பார்க்கப் போகும் வாசகர்களே, பொத்தானை அழுத்திவிட்டுப் புறப்பட்டுவிடாதீர்கள். மேலங்கியைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். கைகளைப் பின்னே கட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் பதினைந்து தடவைகள் வழி தவறட்டும். பதினாறாவது தடவை படலையை அவர்களே திறப்பார்கள்.